உலக நலவாழ்வு ஆய்வு: நிதி, பயிற்சி, மாநாட்டு வாய்ப்புகள் யாருக்குத் திறந்திருக்கின்றன?

2025 ஜூலையில் ஒன்றிய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம், தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு 106 பேரைத் தேர்வு செய்து பட்டியல் வெளியிட்டது. அவர்களுள் 40 பேருக்கு மட்டுமே அப்போது தற்காலிக ஆணை வழங்கப்பட்டது. எஞ்சிய 66 பேருக்கு, நிதி இருந்தால் ஆணை வரும் என்று சொல்லப்பட்டது. பட்டியலில் பெயர் இருக்கிறது, பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் கையில் இருக்கிறது, செப்டம்பரில் வகுப்பு தொடங்கிவிடும். ஆனால் பணம் வருமா என்பது தெரியாது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் இந்த நிலையில்தான் அந்த ஜூலையைக் கழித்தார்கள்.

பொதுச் சுகாதாரம், தொற்றுநோயியல், மருத்துவ மானுடவியல், வளர்ச்சிப் பொருளாதாரம் ஆகிய துறைகளில் மேற்படிப்போ ஆய்வோ செய்ய விரும்பும் தலித் இளைஞர்கள், சான்றொப்பத்துக்காகவும் பிணைப் பத்திரத்துக்காகவும் வழக்கறிஞர் அலுவலகங்களுக்கு வருகிறார்கள். எந்த நிதி எங்கே இருக்கிறது, அதை யார் தருகிறார்கள், எந்த நிபந்தனையில் தருகிறார்கள் என்பதை அவர்களுக்கு ஒருங்கே சொல்லும் பக்கம் தமிழில் அரிதாகவே இருக்கிறது. அதற்காகவே இக்கட்டுரை. விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் முன் அந்தந்த நிறுவனத்தின் நடப்பு ஆண்டு அறிவிக்கையை ஒருமுறை படித்துவிட வேண்டும்.

ஆய்வுப் பொருளாக இருந்தவர்கள்

1956இல் சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்றைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று இயங்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சியே. நகரின் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மறு பிரிவினருக்கு வீட்டிலும் ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். முடிவுகள் 1959இல் வெளியாயின. வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழச் சானடோரியச் சிகிச்சைக்கு நிகராகவே பலன் தந்தது. வீட்டில் உடனிருந்தோருக்குத் தொற்று கூடிவிடவும் இல்லை. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வீட்டுக்கு நகர்ந்ததற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

பெருமைக்குரிய வரலாறுதான். ஆயினும் அந்த வரலாற்றில் சென்னையின் ஏழைகள் நோயாளிகளாக இடம்பெற்றார்களே தவிர, கேள்வியை வகுத்தவர்களாகவோ கட்டுரையை எழுதியவர்களாகவோ இடம்பெறவில்லை. எழுபது ஆண்டுகள் கழித்தும் இந்த வேலைப் பிரிவினை பெரிதாக மாறவில்லை என்பதே என் கணிப்பு.

யார் ஆய்வு செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து எண்களின் பொருளும் மாறுகிறது. தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது 39.5 என்றும், உயர்சாதிப் பெண்களுக்கு அது 54.1 என்றும் ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை குறிப்பிட்டது. நம் மேடைகளில் இதை ‘தலித் பெண்களின் ஆயுட்காலம் 39’ என்று சொல்லிவிடுகிறோம். இறந்தவர்களின் சராசரி வயதும், பிறக்கும்போது எதிர்பார்க்கப்படும் ஆயுளும் வெவ்வேறு அளவைகள். எதிர்த்தரப்பு இந்தப் பிழையைப் பிடித்துக்கொண்டு, இடைவெளியே பொய் என்று வாதிடும். இடைவெளி உண்மையானது. அதைப் பிழையின்றி எடுத்துரைக்க, தரவைத் தாமே கையாளத் தெரிந்த நம்மவர்கள் வேண்டும்.

அரசு உதவித்தொகைகள்

தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றுள் 115 பட்டியல் சாதியினருக்கு, 6 நாடோடி மற்றும் சீர்மரபினப் பழங்குடியினருக்கு, 4 நிலமற்ற வேளாண் தொழிலாளர் மற்றும் மரபுவழிக் கைவினைஞர் குடும்பத்தினருக்கு. 30 விழுக்காடு பெண்களுக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள், வயது 35க்குள், தகுதிப் படிப்பில் குறைந்தது 60 விழுக்காடு மதிப்பெண். முதுநிலைப் படிப்புக்கு 3 ஆண்டுகள் வரையிலும் முனைவர் பட்டத்துக்கு 4 ஆண்டுகள் வரையிலும் உதவி கிடைக்கும். கல்விக் கட்டணம், விமானக் கட்டணம், விசாக் கட்டணம், மருத்துவக் காப்பீடு ஆகியவை இதில் அடங்கும்.

பொதுச் சுகாதாரம் படிக்க விரும்புவோர் இதில் மூன்று சிக்கல்களை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது தரவரிசை. க்யூ.எஸ். உலகத் தரவரிசையில் முதல் 500 இடங்களுக்குள் வரும் பல்கலைக்கழகத்தில் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பொதுத் தரவரிசை பல துறைகளைக் கொண்ட பல்கலைக்கழகங்களுக்கானது. லண்டன் சுகாதார மற்றும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி, லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி, பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் வெப்பமண்டல மருத்துவ நிறுவனம் ஆகியவை இத்துறையில் உலகறிந்த நிறுவனங்கள். ஒரே துறை நிறுவனங்கள் என்பதால் அவை அந்தப் பொதுப் பட்டியலில் வருவதில்லை. ஆகவே துறையின் முதன்மை நிறுவனத்தில் இடம் பெற்றவர் தகுதியற்றவராகவும், பொதுச் சுகாதாரத்தில் சுமாரான வேறொரு பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றவர் தகுதியுள்ளவராகவும் ஆகிவிடுகிறார்கள். துறைவாரித் தரவரிசையையும் ஏற்க வேண்டும் என்று அமைச்சகத்துக்கு எழுத நமக்கு எல்லா நியாயமும் உண்டு. அதுவரை விண்ணப்பிப்போர், இந்தப் பள்ளிகளோடு கூடவே, பட்டியலில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்திலும் சேர்க்கை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது ஆய்வுத் தலைப்பு. 2022 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டு நெறிகள், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு மற்றும் இந்தியா குறித்த சமூகவியல் ஆய்வுத் தலைப்புகளை இத்திட்டத்திலிருந்து நீக்கின. அவற்றை இந்தியாவிலேயே படிக்கலாமே என்பது அரசு சொன்ன காரணம். பட்டியல் சாதியினருக்கான உதவித்தொகையில், சாதி குறித்து ஆய்வு செய்யத்தான் தடை! கழிவுநீர்த் தொழிலாளர்களின் நுரையீரல் நோயை ஆய்வு செய்வது தொற்றுநோயியலா, இந்தியா குறித்த சமூகவியலா? முடிவு கோப்பைப் பார்க்கும் அலுவலர் கையில் இருக்கிறது. எனவே என்னிடம் கேட்போருக்கு நான் சொல்வது இது: படிப்பின் பெயரும் துறையின் பெயரும் பொதுச் சுகாதாரம், தொற்றுநோயியல், உயிர்ப்புள்ளியியல் என்று தெளிவாக இருக்கட்டும். ஆய்வுக் குறிப்பில் நோய், அளவீடு, ஆய்வு முறை ஆகியவை முதலில் வரட்டும். சாதி ஒரு மாறியாக, அதற்குரிய இடத்தில் வரட்டும். உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. தவறான அடுக்கில் கோப்பு விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். விதி அரசமைப்புச் சட்டத்துக்கு உகந்ததா என்பது தனிக் கேள்வி. என் பார்வையில் அது பிரிவு 14இன் முன் எளிதில் நிற்காது.

மூன்றாவது பிழைப்பூதியம். பல ஆண்டுகளாக அது பிரிட்டனுக்கு ஆண்டொன்றுக்கு 9,900 பவுண்டு, அமெரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் 15,400 டாலர் என்றே இருந்துவருகிறது. 2025 தொடக்கத்தில் பிரிட்டன் உள்துறை, மாணவர் விசாவுக்குக் காட்ட வேண்டிய தொகையை லண்டனில் மாதம் 1,483 பவுண்டு, வெளியே 1,136 பவுண்டு என்று உயர்த்தியது. ஒன்பது மாதத்துக்குக் கணக்கிட்டால் லண்டனில் 13,347; வெளியே 10,224. அந்நாட்டு அரசு ஒன்பது மாதத்துக்குத் தேவை எனக் கருதும் தொகையைவிட, நம் அரசு பன்னிரண்டு மாதத்துக்குத் தரும் தொகை குறைவு. அரசு நிதியுதவிக் கடிதம் விசாவுக்குத் துணைசெய்யலாம். வாடகைக்கு அது துணைசெய்யாது.

இவற்றுக்கு அப்பால் பிணைப் பத்திரம், ஜாமீன்தாரர் என்று ஒரு சுற்று இருக்கிறது. சொத்தோ வருமான வரிக் கணக்கோ உள்ள ஒருவர் கையெழுத்திட வேண்டுமென்றால், சேரியிலிருந்து வரும் மாணவர் யாரிடம் போவார்? 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியா சென்ற அண்ணல் அம்பேத்கரும், திரும்பி வந்து பரோடாவில் பணிபுரிய வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்தான். அந்தப் பணியிடத்தில் அவருக்கு என்ன நேர்ந்தது என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்திரத்தின் ஒவ்வொரு பத்தியையும் படித்துவிட்டே கையெழுத்திடுங்கள். படிப்பு இடையில் நின்றால் எவ்வளவு தொகையை, எத்தனை நாளில், எந்த வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிறித்துவர்களாக உள்ள தலித்துகளுக்கு இந்த ஒன்றியத் திட்டம் பொருந்தாது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டது; கிறித்துவரையும் இசுலாமியரையும் இன்றும் வெளியே வைத்திருக்கிறது. அவர்கள் பார்க்க வேண்டியது தமிழ்நாடு அரசு 2023 முதல் அண்ணல் அம்பேத்கர் பெயரில் வழங்கிவரும் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகையை. ஆதிதிராவிடர், பழங்குடியினருடன் கிறித்துவ ஆதிதிராவிடருக்கும் உரியதாக அறிவிக்கப்பட்ட அத்திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. எந்தத் திட்டமாயினும் வட்டாட்சியர் அலுவலகத்தின் வருமானச் சான்றிதழே பெரும்பாலும் கடைசி நாளில் காலை வாருகிறது. அறிவிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

உள்நாட்டில் முனைவர் பட்டம் செய்வோருக்குப் பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வுதவித்தொகை ஆண்டுக்கு 2,000 பேருக்கு வழங்கப்படுகிறது. தொடக்க நிலையில் மாதம் 37,000 ரூபாய். மூத்த நிலையில் 42,000. தொகை நல்ல தொகைதான். மாதாமாதம் வராமல் பல மாதம் கழித்து மொத்தமாக வருவதுதான் இதன் நோய். கள ஆய்வுக்குப் போக வேண்டிய மாதத்தில் பணம் இருக்காது.

அயல்நாட்டு நிறுவனங்கள்

காமன்வெல்த் உதவித்தொகைத் திட்டம் 1959இல் உருவானது. சுகாதார அமைப்புகளை வலுப்படுத்துவது அதன் கருப்பொருள்களுள் ஒன்று. இந்தியர்கள் பிரிட்டன் ஆணையத்தின் இணையவழியில் மட்டும் விண்ணப்பித்தால் போதாது. இந்தியக் கல்வி அமைச்சகத்தின் பரிந்துரைக்கும் தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்றொன்றைத் தவறவிட்டவர்களை நான் அறிவேன். பல்கலைக்கழகங்கள் வழியே வழங்கப்படும் பகிர்வு உதவித்தொகைகள் வேறு வகை.

பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கானது. குறைந்தது 2,800 மணி நேரப் பணி அனுபவம் கேட்பார்கள். உச்ச வயது வரம்பு இல்லை. படித்து முடித்தபின் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும். பகுதிநேரப் பணியும் தன்னார்வப் பணியும் அந்த மணிக்கணக்கில் சேரும் என்பது நம் இளைஞர்கள் பலருக்குத் தெரிவதில்லை. ஊராட்சி ஒன்றியத்தில் சுகாதாரக் கணக்கெடுப்பு செய்ததும், வன்கொடுமை வழக்குகளில் உண்மையறியும் குழுவோடு போனதும் பணி அனுபவமே. அமைப்பின் கடிதத்தாளில், நாள், மணி விவரத்தோடு சான்று வாங்கி வையுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, ரெடிங், லண்டன் சோயஸ் ஆகிய இடங்களில் படிக்க, பொருளாதாரத்தில் நலிந்த இந்திய மாணவர்களுக்கு ஃபெலிக்ஸ் உதவித்தொகையும் இருக்கிறது.

ஆய்வாளர்களுக்கு முக்கியமானது இந்தியா அலையன்ஸ். 1936இல் ஹென்றி வெல்கமின் உயிலின்படி நிறுவப்பட்ட வெல்கம் அறக்கட்டளையும், இந்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து நிதியளிக்கும் அமைப்பு இது. இங்குள்ள நிறுவனம் ஒன்றிலிருந்தபடியே பல ஆண்டுகள் ஆய்வு செய்யப் போதிய நிதி தருகிறது. மருத்துவம் மற்றும் பொதுச் சுகாதாரப் பிரிவில் முனைவர் பட்டம் கட்டாயமன்று, எம்.டி., எம்.பி.எச். போன்ற முதுநிலைப் பட்டம் போதும். ஆனால் உங்களை ஏற்கும் நிறுவனத்தின் கடிதம் வேண்டும். அங்கேதான் பலருக்கு வழி அடைபடுகிறது. கடிதம் தருவதற்கு விதி கிடையாது. துறைத் தலைவரின் மனம்தான் விதி. பரிந்துரைக் கடிதங்களின் நிலையும் இதுவே. இட ஒதுக்கீட்டில் வந்தவன் என்று ஐந்தாண்டு பேசாமல் இருந்த பேராசிரியரிடம், ‘இவரது அறிவுத்திறன் அபாரமானது’ என்று எழுதித் தரும்படி கேட்க வேண்டியிருக்கிறது. கல்லூரிப் பேராசிரியர் மட்டுமே பரிந்துரைக்க வேண்டும் என்று எல்லா நிறுவனங்களும் சொல்வதில்லை. களத்தில் உங்கள் வேலையைப் பார்த்த மருத்துவரோ, மாவட்ட நல அலுவலரோ, அமைப்பின் இயக்குநரோ எழுதும் இரு பக்கக் கடிதம், பெயர் பெற்ற பேராசிரியரின் நான்கு வரியைவிட எடையுடையது.

உலக சுகாதார நிறுவனத்தில் அமைந்துள்ள டி.டி.ஆர். என்னும் வெப்பமண்டல நோய்கள் ஆய்வு மற்றும் பயிற்சித் திட்டம் 1975இல் தொடங்கப்பட்டது, யுனிசெஃப், ஐ.நா. வளர்ச்சித் திட்டம், உலக வங்கி ஆகியவை உடன் ஆதரவாளர்கள். நம்மிடையே அதிகம் பேசப்படாத, ஆனால் நமக்கு மிகவும் பொருத்தமான வாய்ப்பு இது. ஏழை நாடுகளின் மாணவர்கள் ஏழை நாடுகளிலேயே உள்ள பல்கலைக்கழகங்களில் செயலாக்க ஆய்வில் முதுநிலைப் பட்டம் பெற உதவுகிறது. டாக்காவில் உள்ள பிராக் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பி. கிராண்ட் பொதுச் சுகாதாரப் பள்ளி அவற்றுள் ஒன்று. செயலாக்க ஆய்வு என்றால், மருந்தும் திட்டமும் இருந்தும் அவை ஏன் மக்களைச் சென்றடையவில்லை என்று கேட்பது. ஆரம்பச் சுகாதார நிலையம் ஊரில் இருக்கிறது, காலனியிலிருந்து பெண்கள் அங்கே ஏன் போவதில்லை என்பது இத்துறையின் அசல் கேள்வி.

சுருங்கிவரும் பணம்

இந்தப் பட்டியலை எழுதும்போதே பணம் குறைந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் யு.எஸ்.எய்ட் நிறுவனம் 2025 ஜனவரியில் முடக்கப்பட்டு, ஜூலை 1 அன்று தன் பணிகளை முடித்துக்கொண்டது. 1984 முதல் பல நாடுகளில் நடந்துவந்த மக்கள்தொகை மற்றும் சுகாதாரக் கணக்கெடுப்புத் திட்டம் அதோடு நின்றது. நம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சாதிவாரியாகக் குழந்தைகளின் ஊட்டச்சத்து நிலையை நாம் அறிவது அதன் வழியாகவே. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2025 மே மாதம், அயல்நாட்டுக் கூட்டாளிகளுக்குத் துணை நல்கை வழங்கும் பழைய முறையை நிறுத்தின. ஏழை நாட்டு ஆய்வாளர்களுக்குப் பயிற்சியளிக்க 1968இல் தொடங்கிய ஃபோகார்ட்டி மையத்தையே நீக்கிவிடும்படி அந்நாட்டு நிதிநிலை முன்மொழிவு பரிந்துரைத்தது. பிரிட்டன் தன் அயல்நாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காட்டிலிருந்து 2027க்குள் 0.3 ஆகக் குறைப்பதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது.

பணம் சுருங்கும்போது, கடைசியாக உள்ளே வந்தவர்களே முதலில் வெளியேறுகிறார்கள். பெரிய நிறுவனத்தின் நிலையான ஊழியர் தப்பித்துக்கொள்வார். ஒப்பந்த அடிப்படையில் களப் புலனாய்வாளராக இருந்த நம் பெண் வேலையிழப்பார். அமெரிக்க நிதியை மட்டும் நம்பிய முனைவர் பட்டச் சேர்க்கையை ஏற்கும் முன், இரண்டாம் ஆண்டுக்கான பணம் யாருடையது என்று எழுத்தில் கேட்பது இப்போது அவசியமாகிவிட்டது.

செலவில்லாப் பயிற்சிகள்

சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், என்.பி.டெல். தளத்தின் வழியே ‘சுகாதார ஆய்வின் அடிப்படைகள்’ என்ற இணையப் பாடத்தை நடத்துகிறது. படிக்கக் கட்டணமில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். டி.டி.ஆர். அமைப்பும் செயலாக்க ஆய்வு குறித்த இலவசத் திறந்தவெளிப் பாடத்தை வழங்குகிறது. இவ்விரண்டையும் முடித்தவரின் ஆய்வுக் குறிப்பும் முடிக்காதவரின் குறிப்பும் படித்த உடனே வேறுபட்டுத் தெரியும். இது சட்டப் படிப்பு மட்டுமே படித்த என் கண்ணுக்கே தெரிகிறது. முழுநேரப் படிப்புக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் பக்கத்திலேயே இருக்கிறது.

பட்டமில்லாத களச் செயல்பாட்டாளர்களுக்கு மக்கள் நலவாழ்வு இயக்கம் நடத்தும் பன்னாட்டு மக்கள் நலவாழ்வுப் பல்கலைக்கழகம் என்ற குறுகியகாலப் பயிற்சி பொருந்தும். 2000ஆம் ஆண்டு வங்கதேசத்தின் சவாரில் கூடிய மக்கள் நலவாழ்வுப் பேரவையில் பிறந்த இயக்கம் அது. 1974 முதல் இயங்கிவரும் மெடிகோ ஃபிரண்ட் சர்க்கிளின் ஆண்டுக் கூட்டத்துக்கு ரயிலில் போய்விடலாம். அங்கே அறிமுகமாகும் ஒரு மருத்துவர், பின்னாளில் உங்கள் பரிந்துரைக் கடிதத்தை எழுதக்கூடும்.

மாநாடுகள்: கைக்காசும் விசாவும்

சுகாதார அமைப்பு ஆய்வுக்கான உலகக் கருத்தரங்கு 2010இல் மாண்ட்ரூவில் தொடங்கி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெய்ஜிங், கேப்டவுன், வான்கூவர், லிவர்பூல் என்று நகர்ந்து 2024இல் நாகசாகியில் கூடியது. அதையொட்டி, தெற்கு நாடுகளின் இளம் ஆய்வாளர்களுக்கு ‘எமர்ஜிங் வாய்ஸஸ்’ என்ற பயிற்சித் திட்டம் உண்டு. ஆண்ட்வெர்ப் நிறுவனம் தொடங்கிய இதில் பெங்களூரின் பொதுச் சுகாதார நிறுவனமும் பங்காளி. மாநாட்டு மேடையில் பேசுவதற்கே தனிப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை.

பயண நிதி என்று அறிவிப்பில் இருந்தால் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: முன்கூட்டியே தருவீர்களா, போய்வந்தபின் தருவீர்களா? பெரும்பாலானவை செலவு செய்தபின் ரசீது காட்டிப் பெறுபவை. கையில் ஒரு லட்சமோ கடன் அட்டையோ இருப்பவருக்கு அது உதவித்தொகை. இல்லாதவருக்கு அது கந்துவட்டி. எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஆய்வாளர், தாயின் நகையை அடகு வைத்து விமானச்சீட்டு வாங்கினார். பணம் ஏழு மாதம் கழித்து வந்தது, அதற்குள் வட்டி நகையின் ஒரு பகுதியைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எல்லோருக்கும் சொல்வது: பயணச்சீட்டை நீங்களே வாங்கி அனுப்பிவிடுங்கள் என்று ஏற்பாட்டாளருக்கு நேரடியாக எழுதுங்கள். கேட்டால் பல நேரம் செய்கிறார்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆய்வுக் கட்டுரை ஏற்கப்பட்டவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையும் பயண உதவி வழங்குகின்றன.

பணம் கிடைத்தாலும் விசா இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளோர் நுழைய அமெரிக்கா 1987 முதல் தடை விதித்திருந்ததால், 1992இல் பாஸ்டனில் நடக்கவிருந்த பன்னாட்டு எய்ட்ஸ் மாநாடு ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றப்பட்டது. 2010இல் தடை நீங்கிய பிறகே, 2012இல் வாஷிங்டனில் மாநாடு கூடியது. மாநாட்டையே இடம் மாற்றிய வலிமை அன்றைய நோயாளர் இயக்கங்களுக்கு இருந்தது. 2022இல் மாண்ட்ரியால் மாநாட்டின்போது ஆப்பிரிக்க, ஆசியப் பேராளர்கள் பலருக்குக் கனடா விசா கிடைக்கவில்லை. மாநாடு அவர்களின்றியே நடந்து முடிந்தது. சொந்த வீடு, நிலம், வங்கி இருப்பு என்று ‘திரும்பி வருவார்’ என்பதற்கு விசா அலுவலர் கேட்கும் சான்றுகள் எல்லாம், நம்மிடம் தலைமுறைகளாக இல்லாமல் செய்யப்பட்டவை. அவற்றுக்கு ஈடாகப் பணிச் சான்று, பல்கலைக்கழகப் பதிவுச் சான்று, ஏற்பாட்டாளர் முழுச் செலவையும் ஏற்கும் கடிதம் ஆகியவற்றை வைக்கலாம். மாநாட்டுக்கு மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

போலி மாநாடுகள் குறித்தும் ஓர் எச்சரிக்கை. உங்கள் ஆய்வைப் பாராட்டி, சிறப்புப் பேச்சாளராக அழைத்து, பதிவுக் கட்டணம் கேட்டு வரும் மின்னஞ்சல்களை உடனே நம்ப வேண்டாம். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் குழுமம், ஆய்விதழ்கள், மாநாடுகள் பெயரில் ஆய்வாளர்களை ஏமாற்றியதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019இல் அந்நாட்டு நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது. வழிகாட்ட மூத்தவர் இல்லாத முதல் தலைமுறை ஆய்வாளரே இத்தகைய வலையில் எளிதில் விழுகிறார்.

சட்டம் சொல்வது

அயல்நாட்டுப் பணம் என்றதும் எஃப்.சி.ஆர்.ஏ. அச்சம் வந்துவிடுகிறது. 2010ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், தேர்தல் வேட்பாளர், அரசு ஊழியர் போன்றோர் அயல்நாட்டு நிதி பெறுவதைப் பிரிவு 3இல் தடை செய்கிறது. அவர்களுக்கே கூட, கல்வி உதவித்தொகை மற்றும் அதையொத்த தொகைகளுக்குப் பிரிவு 4 விலக்களிக்கிறது. எனவே ஒரு மாணவர் தன் பெயரில், தன் படிப்புக்காகப் பெறும் உதவித்தொகைக்கு அஞ்ச வேண்டியதில்லை. படிப்புச் செலவுக்கான உதவித்தொகைக்கு வருமான வரிச் சட்டம் வரிவிலக்கும் அளித்திருக்கிறது. ஆனால் அரசு மருத்துவக் கல்லூரியில் பணிபுரிவோர் மாநாட்டு ஏற்பாட்டாளரின் செலவில் பயணமும் தங்கலும் ஏற்பதானால், பிரிவு 6இன்படி உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி தேவை. துறை அனுமதி வேறு, இது வேறு.

அமைப்புகளின் நிலைதான் கடினம். 2020 திருத்தம், ஓர் அமைப்பு தான் பெற்ற அயல்நாட்டு நிதியை மற்றோர் அமைப்புக்கு மாற்றுவதை முற்றாகத் தடுத்தது. நிர்வாகச் செலவின் வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில் கணக்குத் தொடங்க வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் நோயல் ஹார்ப்பர் வழக்கில் இத்திருத்தங்களை உறுதி செய்தது. முன்பு பெருநகர நிறுவனம் ஒன்று நல்கை பெற்று, அதில் ஒரு பங்கை மாவட்டத்தில் உள்ள சிறிய தலித் பெண்கள் அமைப்புக்குக் கொடுத்துக் கள ஆய்வு நடத்தும். இப்போது அந்தச் சிறிய அமைப்பு தனியே பதிவு பெற்றிருக்க வேண்டும். இல்லையேல் அதன் பெண்கள் பெருநகர நிறுவனத்தின் தற்காலிக ஊழியர்களாகச் சேர வேண்டும். அப்படிச் சேர்ந்தால், தரவு யாருக்குச் சொந்தம், கட்டுரையில் யார் பெயர் வரும் என்பதைப் பணி தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். கட்டுரை வெளியான பிறகு கேட்டு ஆசிரியர் பட்டியலில் பெயர் சேர்த்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அரசு உதவித்தொகை மறுக்கப்பட்டாலோ தாமதமானாலோ, 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனு செய்யலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். பிறரின் மதிப்பெண்ணைக் கேட்டால் தனிநபர் தகவல் என்று மறுத்துவிடுவார்கள். உங்கள் மதிப்பெண், தேர்வு அளவுகோல், மொத்த இடங்களில் நிரப்பப்பட்டவை, ஒதுக்கிய தொகை, செலவிட்ட தொகை, உங்கள் கோப்பு எந்த நாளில் எந்த மேசையில் இருந்தது என்று தனித்தனி வினாக்களாகக் கேளுங்கள். உயர் நீதிமன்றத்தில் பிரிவு 226இன் கீழ் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யும்போது முதல் ஆவணமாக வைக்க வேண்டியது இந்தப் பதில்தான். வகுப்பு தொடங்கும் நாளைக் காட்டும் சேர்க்கைக் கடிதத்தையும் உடன் இணைத்தால்தான் இடைக்கால உத்தரவு கேட்க முடியும். ஆகவே, ஆணை வரவில்லை என்றால் ஆகஸ்டு இறுதிவரை காத்திராமல் ஜூலையிலேயே வழக்கறிஞரைப் பாருங்கள். அதே வாரத்தில் பல்கலைக்கழகத்துக்கும் எழுதி, சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டு வையுங்கள்.